தொலைந்தது பார்ட்டிஷனா, சாவியா?

மறையாக்கம் செய்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று. நேற்றுவரை செருகியதும் கடவுச்சொல் கேட்டது, கொடுத்ததும் திறந்தது. இன்று கேட்கவில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் ஒரு டெராபைட்டும் கறுப்புப் பட்டையின் கீழ் ஒதுக்கப்படாத இடமாகக் கிடக்கிறது. இனிஷியலைஸ் செய்யலாமா என்று ஒரு சிறு பெட்டி கேட்கிறது. குழந்தைகளின் புகைப்படங்கள், ஆய்வேட்டின் தரவு, பத்தாண்டுக் கணக்குவழக்கு என்று உள்ளே இருப்பது எதுவாயினும், அந்த நேரத்தில் காதில் விழும் ஆலோசனை இரண்டே வகைதான். என்கிரிப்ட் செய்ததல்லவா, போனது போனதுதான் என்பது ஒன்று. நல்ல ரெகவரி மென்பொருள் வாங்கி ஓட்டினால் எல்லாம் வந்துவிடும் என்பது மற்றொன்று. முதலாவது, மீட்கக்கூடிய டிஸ்க்கைக் குப்பைக்கு அனுப்புகிறது. இரண்டாவது, மீட்கக்கூடிய டிஸ்க்கைத் தன் கையாலேயே அழிக்க வைக்கிறது. இரண்டுக்கும் பின்னால் ஒரே குழப்பம்தான் இருக்கிறது: தரவு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் குறிப்பையும், தரவைத் திறக்கும் சாவியையும் ஒன்றாக எண்ணிவிடுவது. இவை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வடிவங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. குறிப்பு தொலைந்தால் தேடிப் பிடிக்கலாம். சாவி அழிந்தால் கடவுச்சொல் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தாலும் பயனில்லை. ஆகவே முதலில் விடை காண வேண்டிய கேள்வி, சாவியைத் தாங்கிய சில கிலோபைட்கள் இன்னும் இருக்கின்றனவா, எந்த செக்டரில் இருக்கின்றன என்பதுதான்.

பார்ட்டிஷன் என்று நாம் சொல்வது டிஸ்க்கில் எவ்வளவு சிறிய இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் பதற்றம் பாதி குறையும். பழைய எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் செக்டரின் 512 பைட்டுக்குள், 446ஆம் பைட்டில் தொடங்கி, ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்குக்கு 64 பைட். அவ்வளவுதான் முழு அட்டவணையும். எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், என்ன வகை என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. புதிய ஜிபிடி முறையில் இதே விவரம் விரிவாக, வழக்கமாக 128 பதிவுகளாக, டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு பிரதியும் கடைசியில் ஒரு பிரதியுமாக எழுதப்படுகிறது. அட்டவணை அழிவது, வயலின் எல்லைக்கல்லை யாரோ பிடுங்கி எறிந்தது போன்றது; வயலும் பயிரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அளந்து கல்லைத் திரும்ப நடுவதும் பெரும்பாலும் எளிது. விண்டோஸ் விஸ்டாவுக்குப் பின் பார்ட்டிஷன்கள் 1 மெபிபைட் எல்லையில், அதாவது 2048ஆம் செக்டரில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முந்தைய எக்ஸ்பி காலத்து டிஸ்க் என்றால் 63ஆம் செக்டர். ஜிபிடியாக இருந்து முன்பகுதி மட்டும் கெட்டிருந்தால், கடைசிப் பிரதியிலிருந்து ஜிடிஸ்க் என்ற இலவசக் கருவி அட்டவணையைத் திரும்பக் கட்டிவிடும். கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க், டிஸ்க் முழுதும் நடந்து பழைய பார்ட்டிஷன்களின் தொடக்க அடையாளங்களைத் தேடித் தரும். இதுவரை மறையாக்கத்துக்கு வேலையே வரவில்லை.

மறையாக்கம் வரும் இடத்தில் பெரும்பாலோர் கருதுவதற்கு மாறான ஓர் ஏற்பாடு இருக்கிறது. நாம் தட்டும் கடவுச்சொல் தரவைப் பூட்டுவதில்லை. டிஸ்க்கை முதன்முதலில் மறையாக்கும்போது கணினி எதேச்சையாக ஒரு முதன்மைச் சாவியை உருவாக்கி, அதைக்கொண்டுதான் ஒவ்வொரு செக்டரையும் பூட்டுகிறது. வழக்கமாக 2001இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஏற்ற ஏஇஎஸ் முறையில். அந்த முதன்மைச் சாவியை டிஸ்க்கிலேயே ஒரு ஹெடரில் வைக்கிறார்கள். அப்படியே வைத்தால் யாரும் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், கடவுச்சொல்லோடு சால்ட் எனப்படும் எதேச்சை எண்ணையும் சேர்த்து, லட்சக்கணக்கான முறை அரைத்து, வரும் விளைவால் முதன்மைச் சாவியைப் பூட்டி வைக்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றும்போது ஒரு டெராபைட்டையும் திரும்ப எழுத வேண்டியிராதது இதனால்தான். ஹெடரில் உள்ள சிறு துண்டு மட்டும் மாறுகிறது. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. டிஸ்க்கின் உயிர் முழுதும் அந்த ஹெடரில் ஒடுங்கிவிடுகிறது. ஹெடர் இருந்து கடவுச்சொல் பாதி மறந்திருந்தால், நினைவிலிருக்கும் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு முயலலாம். வழி மெதுவானது, ஆனால் வழி. ஹெடரில் இருந்த சால்ட் போய்விட்டால் சரியான கடவுச்சொல்லும் வெறும் சொல்லாகிவிடுகிறது. நேரடியாக 128 பிட் சாவியை ஊகிக்கலாமே என்றால், நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளை முயன்றாலும் எல்லாவற்றையும் முயல ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கோடி ஆண்டுகள் ஆகும். அந்த வழியைப் பேச்சிலிருந்தே விலக்கிவிடலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மறையாக்கத்தை உடைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள், எதை உடைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2015இல் குன்னர் அலெண்டால் உள்ளிட்ட ஆய்வாளர்கள், யுஎஸ்பி பலகையிலேயே மறையாக்கம் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து, சில மாடல்களில் சாவியை உருவாக்கும் எண்களில் போதிய எதேச்சைத்தன்மை இல்லை என்று காட்டினார்கள். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மைய்யரும் பெர்னார்ட் வான் காஸ்டலும் சில எஸ்எஸ்டிகளை, எக்ஸ்டர்னலான சாம்சங் டி3, டி5 உட்பட, ஆராய்ந்தார்கள். சிலவற்றில் கடவுச்சொல்லுக்கும் தரவைப் பூட்டும் சாவிக்கும் கணித உறவே இல்லை என்று கண்டார்கள். கதவில் பூட்டு தொங்கியது, தாழ்ப்பாள் போடப்படவில்லை. இவற்றில் எதிலும் ஏஇஎஸ் உடையவில்லை. அதைச் சுற்றிக் கட்டிய வேலையில் இருந்த ஓட்டைகள்தாம் வெளிப்பட்டன. எதிர்ப்பக்கத்தில் ஸ்டெஃபான் தாமஸின் கதை இருக்கிறது. அவருடைய 7,002 பிட்காயின்களின் சாவி ஐயன்கீ என்ற மறையாக்க டிரைவுக்குள் இருக்கிறது. கடவுச்சொல்லைப் பத்து முறை தவறாகக் கொடுத்தால் உள்ளே உள்ள சாவி அழிந்துவிடும். எட்டு முறை தவறிவிட்டது என்று 2021 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது உலகமே பேசியது. அங்கும் ஆபத்தில் இருந்தது தரவு அன்று. தரவு அசையாமல் இருந்தது, சாவிதான் கத்தி முனையில் நின்றது. ஆக, ஒரு குறிப்பிட்ட சாதனத்தின் குறைபாட்டை நம்பி மீட்பைத் திட்டமிடுவது சூதாட்டம். அறிவோடு செய்யக்கூடியது ஹெடரைத் தேடுவதுதான்.

எங்கே தேடுவது என்பது எந்த முறையில் மறையாக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. முறைகளை வடிவமைத்தவர்கள் பேரழிவைப் பற்றி எப்படி நினைத்தார்கள் என்பது இங்கே நேரடியாகத் தெரிகிறது. லினக்ஸ் உலகின் லக்ஸ் முறையை எடுத்துக்கொள்வோம். கிளெமன்ஸ் ஃபுரூவிர்த் வகுத்தது. அதன் ஹெடர் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது: முதல் ஆறு பைட்டில் எல், யூ, கே, எஸ் என்ற நான்கு எழுத்துகளும், பதினாறடி எண்முறையில் பிஏ, பிஇ என்ற இரண்டு பைட்களும். பார்ட்டிஷன் அட்டவணை முழுதும் போன டிஸ்க்கிலும் இந்த ஆறு பைட்டைத் தேடினால் போதும். நொடிக்கு 100 மெகாபைட் படிக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட்டை முழுதும் நடந்து முடிக்க மூன்று மணி நேரம்கூட ஆகாது. எதேச்சையான தரவில் இந்த ஆறு பைட் தற்செயலாக அமைவதற்கான வாய்ப்பு ஒரு டெராபைட்டுக்கு ஆயிரத்தில் நான்குக்கும் குறைவு. அதுவும் செக்டரின் தொடக்கத்தில் அமைவது இன்னும் அரிது. கண்டுபிடித்த இடத்தை லூப் சாதனமாக, படிப்பதற்கு மட்டும் என்று இணைத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்க்கலாம். பார்ட்டிஷன் அட்டவணையைத் திரும்ப எழுதக்கூடத் தேவையில்லை. பூட்டிய செக்டர்களின் வரிசை எண்கள் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து இல்லாமல் லக்ஸின் தரவுப் பகுதித் தொடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், அந்தப் பகுதியை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தாலும் திறக்கும்.

ஆனால் அதே லக்ஸ், சாவியை அழிப்பதையும் எளிதாக்கி வைத்திருக்கிறது. தெரிந்தே செய்த ஏற்பாடு. லக்ஸின் முதல் பதிப்பில் முதன்மைச் சாவியை 4000 பட்டைகளாக விரித்து, சாவித் துளை எனப்படும் இடத்தில் எழுதுகிறார்கள். 32 பைட் சாவி 1,28,000 பைட்டாகிறது. அதில் ஒரு செக்டர் போனாலும் அந்தச் சாவித் துளையிலிருந்து சாவியைத் திரும்பப் பெற முடியாது. காரணம் நேர்மையானது: டிஸ்க்குகள் கெட்ட செக்டர்களை ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுக்கும், ஒதுக்கப்பட்ட பழைய செக்டரில் சாவியின் சுவடு தங்கிவிடலாம். விரித்து எழுதினால் ஒரு துண்டு எங்கோ தங்கினாலும் அது யாருக்கும் உதவாது. ரகசியத்தைக் காக்க எடுத்த இந்த முன்னெச்சரிக்கையே, தவறுதலாக எதையோ மேலெழுதியவருக்கு மன்னிப்பில்லாத தண்டனையாகிறது. இந்தக் கண்டிப்பை உணர்ந்துதானோ என்னவோ, லக்ஸ்2 பதிப்பில் ஹெடரின் விவரப் பகுதியை இரண்டு பிரதிகளாக எழுதினார்கள். சாவித் துளைகளுக்கு மட்டும் இரண்டாம் பிரதி இல்லை.

வெராகிரிப்ட் நேரெதிர் வழியில் போகிறது. 2014 மேயில் திடீரென நிறுத்தப்பட்ட ட்ரூகிரிப்டின் வாரிசு இது. இதன் ஹெடரில் முத்திரையே கிடையாது. முதல் 64 பைட் சால்ட், அடுத்தது பூட்டிய ஹெடர். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே அர்த்தமற்ற எண்களின் குவியல். இங்கே மறையாக்கம் இருக்கிறது என்றே யாரும் நிரூபிக்க முடியக்கூடாது என்பது நோக்கம். அடக்குமுறை ஆட்சிகளின் கீழ் வாழும் பத்திரிகையாளருக்கு இது உயிர் காக்கும் குணம். பார்ட்டிஷன் தொலைத்தவருக்கோ இது பெரும் இடர்: தேடுவதற்கு அடையாளமே இல்லை. ஓர் இடத்தில் ஹெடர் இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அங்கே கடவுச்சொல்லை முயன்று பார்ப்பது. ஒவ்வொரு முயற்சிக்கும் இயல்பு அமைப்பில் 5,00,000 சுற்று அரைக்க வேண்டும். ஒரு முயற்சிக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு டெராபைட்டில் உள்ள 195 கோடி செக்டர்களையும் ஒவ்வொன்றாக முயல 62 ஆண்டுகள் ஆகும். பார்ட்டிஷன் 1 மெபிபைட் எல்லையில்தான் தொடங்கியிருக்கும் என்ற ஒரே ஒரு அறிவைச் சேர்த்தால், முயல வேண்டிய இடங்கள் சுமார் 9,53,000ஆகக் குறைந்து வேலை 11 நாளில் முடிகிறது. அதையும் முதல் சில மெபிபைட், பழைய பார்ட்டிஷன் முடிந்திருக்கக்கூடிய இடம் என்று வரிசைப்படுத்தினால் பெரும்பாலும் முதல் நாளிலேயே விடை கிடைக்கும். மீட்பு வேலையில் கணிதத்தைவிட, அந்த டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது என்ற நினைவுக்கு அதிக மதிப்பு இருப்பது இதனால்தான். எத்தனை பார்ட்டிஷன், எந்தக் கணினியில், எந்த வருடம் என்பதையெல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதி வைப்பது எந்த மென்பொருளையும்விடப் பெரிய உதவி.

வெராகிரிப்ட் இன்னொரு விதத்தில் இரக்கம் காட்டியிருக்கிறது. பெட்டகத்தின், அதாவது மறையாக்கிய பகுதியின், கடைசி 1,31,072 பைட்டில் ஹெடரின் பிரதி ஒன்று வைக்கப்படுகிறது. முன்பக்க ஹெடர் போனாலும், மவுன்ட் செய்யும்போது பிரதி ஹெடரைப் பயன்படுத்து என்று தெரிவு செய்தால் திறக்கும். ஹெடருக்குள் பெட்டகத்தின் அளவும் எழுதப்பட்டிருப்பதால், முடிவு தெரிந்தால் தொடக்கத்தைக் கழித்துக் கண்டுவிடலாம். விண்டோஸின் சொந்த முறையான பிட்லாக்கரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இந்த மூன்றில் விபத்தை மிக அதிகமாக எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது அதுதான். எஃப்விஇ-எஃப்எஸ் என்ற முத்திரை இருக்கிறது. சாவி விவரங்கள் பார்ட்டிஷனுக்குள் மூன்று வெவ்வேறு இடங்களில் பிரதியெடுக்கப்படுகின்றன. கடவுச்சொல் மறந்தாலும் 48 இலக்க மீட்பு எண் உண்டு. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி; ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால் பழைய தாளிலிருந்து ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் அங்கேயே தெரிந்துவிடும். சேதமான டிஸ்க்கிலிருந்து தரவை வேறு டிஸ்க்குக்கு எடுக்க ரிப்பேர்-பிடிஇ என்ற கருவியை விண்டோஸே தருகிறது.

இனி அந்தச் சிறு பெட்டிக்கு, இனிஷியலைஸ் செய்யலாமா என்று கேட்பதற்கு, வருவோம். பார்ட்டிஷனே இல்லாமல் முழு டிஸ்க்கையும் மறையாக்கியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. விண்டோஸ் கண்ணுக்கு அது வெற்று டிஸ்க். சரி என்று அழுத்தி ஜிபிடியைத் தேர்ந்தால் என்ன ஆகிறது? முன்பக்கம் 34 செக்டர், அதாவது 17,408 பைட். பின்பக்கம் 33 செக்டர், 16,896 பைட். ஒரு டெராபைட்டில் கண்ணுக்கே தெரியாத கீறல். ஆனால் கீறல் விழும் இடம்தான் விதியைத் தீர்மானிக்கிறது. முழு டிஸ்க்கும் வெராகிரிப்ட் என்றால், முன்பக்க ஹெடர் 0ஆம் பைட்டில் இருந்ததால் போய்விட்டது. பிரதி ஹெடரோ முடிவிலிருந்து 1,31,072 பைட் முன்னால் தொடங்குகிறது. பின்பக்கக் கீறல் முடிவிலிருந்து 16,896 பைட்டோடு நின்றுவிடுகிறது. ஹெடர் தப்பித்தது, தரவு ஏறத்தாழ முழுதும் திரும்ப வரும். முழு டிஸ்க்கும் லக்ஸின் முதல் பதிப்பு என்றால், 592 பைட் ஹெடரும், 4096ஆம் பைட்டில் தொடங்கும் முதல் சாவித் துளையின் முன்பகுதியும் போய்விட்டன. வெளியே ஹெடரின் நகல் எடுத்து வைத்திருந்தால் ஒழிய அந்த டிஸ்க் முடிந்தது. லக்ஸ்2 என்றால் நிலைமை நூலிழையில் நிற்கிறது. இரண்டாம் பிரதி 16,384ஆம் பைட்டில் தொடங்குகிறது. ஜிபிடியின் 128 பதிவுகளும் எழுதப்பட்டிருந்தால் அது 17,408 வரை நீண்டு இரண்டாம் பிரதியின் முதல் 1,024 பைட்டையும் தின்றுவிடும். ஆனால் சால்ட் உட்படச் சாவித் துளைகளின் விவரம் ஜேசன் உரையாக 20,480ஆம் பைட்டிலிருந்து இருக்கிறது. சாவித் துளைகள் 32,768இலிருந்து. இவை தொடப்படவில்லை. தானியங்கிப் பழுதுபார்ப்பு கைவிரிக்கும் அந்த டிஸ்க்கில், ஹெடரின் முகப்பைக் கையால் திரும்பக் கட்டத் தெரிந்த ஒருவர் தரவை எடுத்துவிட முடியும். ஒரே பொத்தான், ஒரே கீறல். ஒரு முறையில் டிஸ்க் தப்புகிறது, இன்னொன்றில் சாகிறது, மூன்றாவதில் திறமையுள்ள கைக்காகக் காத்திருக்கிறது. பார்ட்டிஷன் போனால் மீளுமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாக விடை சொல்ல முடியாததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ரெகவரி மென்பொருளை நம்புகிறவர்களின் தரப்பையும் கேட்போம். ஃபோட்டோரெக் போன்ற கருவிகள் அட்டவணையே இல்லாத மெமரி கார்டிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களை மீட்பது உண்மை. ஜேபெக் கோப்பின் தொடக்க பைட்களைத் தேடி அங்கிருந்து அள்ளி எடுப்பது அவற்றின் வேலை. பூட்டிய தரவில் அந்தத் தொடக்க பைட்கள் இல்லை. ஒரு டெராபைட்டை இரவெல்லாம் ஓட்டினாலும் கிடைப்பது குப்பை. கருவி மோசமில்லை; அடுக்கு தவறு. டிஸ்க், பார்ட்டிஷன், மறையாக்கம், ஃபைல் சிஸ்டம், ஃபைல் என்பது அடுக்கு வரிசை. மறையாக்க அடுக்கைத் திறந்த பின் உள்ளே ஃபைல் சிஸ்டம் கெட்டிருந்தால், அப்போது ஃபோட்டோரெக்கை அந்தத் திறந்த பெட்டகத்தின் மேல் ஓட்டலாம். அங்கே அது முழுத் திறமையோடு வேலை செய்யும். தவறான அடுக்கில் ஓட்டுவதில் நேர விரயத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கடையிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தொழிற்சாலையிலேயே போட்ட பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். அதன் மேல் அவசர அமைப்பில் மறையாக்கம் செய்திருந்தால் பழைய ஃபைல் சிஸ்டத்தின் மிச்சங்கள் அங்கங்கே தங்கியிருக்கும். தேடும் கருவி அவற்றைக் கண்டு, இதோ உங்கள் பார்ட்டிஷன் என்று காட்டும். மகிழ்ச்சியில் அதை எழுதச் சொல்லி, பிழை இருக்கிறதே என்று செக்டிஸ்க்கையும் ஓட்டினால், பூட்டிய தரவின் மேல் அது தன் திருத்தங்களை எழுதத் தொடங்கும். அங்கே அழிவது எல்லைக்கல் இல்லை, வயலே.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் உறைப் பெட்டியை உடைத்து டிஸ்க்கை வெளியே எடுத்து நேராகக் கணினியில் மாட்டுவதும் இதேபோல் பொய்யான இழப்பைக் காட்டும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளின் யுஎஸ்பி பலகை, பழைய விண்டோஸ்களுக்காக, 512 பைட் செக்டர்களை 4096 பைட் செக்டர்களாக மாற்றிக் காட்டும். பெட்டியில் இருந்தபோது பார்ட்டிஷன் 256ஆம் செக்டரில் தொடங்கியது. 4096ஆல் பெருக்கினால் 1 மெபிபைட். நேராக மாட்டியதும் அதே 256ஐ 512ஆல் பெருக்கி 128 கிபிபைட்டில் போய்த் தேடுகிறது கணினி; அங்கே எதுவும் இல்லை. டிஸ்க்கில் ஒரு பைட்கூட மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. பழைய பெட்டியிலேயே திரும்ப வைத்தாலோ, லினக்ஸில் செக்டர் அளவை 4096 என்று சொல்லி லூப் சாதனமாக இணைத்தாலோ பார்ட்டிஷன் திரும்ப வந்து நிற்கும். பலகையே மறையாக்கம் செய்யும் வகை என்றால், கடவுச்சொல் வைக்காதவருக்கும் தரவு பூட்டப்பட்டுத்தான் இருக்கும். அங்கே பலகை இல்லாத டிஸ்க், சாவி இல்லாத பூட்டு.

மறையாக்கமே இழப்பைப் பன்மடங்காக்குகிறது, ஒரு பிட் கெட்டால் முழுதும் போகும் என்ற அச்சமும் பரவலாக உண்டு. டிஸ்க்குகளுக்கு இன்று பெரும்பாலும் பயன்படும் எக்ஸ்டிஎஸ் முறையில், ஐஇஇஇ 2007இல் தரப்படுத்தியது, ஒவ்வொரு செக்டரும் தன் எண்ணைக்கொண்டு தனித்தனியே பூட்டப்படுகிறது. பூட்டிய தரவில் ஒரு பிட் கெட்டால் திறக்கும்போது 16 பைட் கெடும்; பக்கத்து செக்டருக்குப் பரவாது. ஹெடரைத் தவிர்த்த மற்ற இடங்களில் ஏற்படும் சேதம், மறையாக்காத டிஸ்க்கில் ஏற்படும் சேதத்தைவிடச் சொல்லும்படி அதிகமில்லை. உண்மையான எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்டியிலும், ட்ரிம் ஆதரிக்கும் சில ஹார்டு டிஸ்க்குகளிலும், குயிக் ஃபார்மட் செய்ததும் இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று கணினி டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். அதன்பின் படித்தால் பெரும்பாலும் சுழியங்களே வரும். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸில் குயிக் அல்லாத முழு ஃபார்மட்டும் டிஸ்க் முழுதும் சுழியங்களை எழுதுகிறது. ஹெடரும் அதன் பிரதியும் போன நிலையைத் தவிர்த்தால், இவ்விரண்டு இடங்களில் மட்டும்தான் போனது போனதுதான் என்ற வாதம் சரி.

இவ்வளவும் ஏற்றால் செய்ய வேண்டியவற்றின் வரிசை தானாக வருகிறது. கணினி இன்னும் அணைக்கப்படாமல், பெட்டகம் இன்னும் திறந்த நிலையில் இருந்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. அட்டவணையோ ஹெடரோ டிஸ்க்கில் அழிந்திருந்தாலும் முதன்மைச் சாவி நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. வயரைப் பிடுங்கவோ ரீஸ்டார்ட் செய்யவோ கூடாது. முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். லக்ஸின் முதல் பதிப்பு என்றால் டிஎம்செட்அப் கட்டளையால் சாவியையே வெளியே எடுத்து ஹெடரைத் திரும்பக் கட்டலாம். லக்ஸ்2 சாவியைக் கர்னலின் கீரிங்கில் வைப்பதால் அந்த வழி பொதுவாக அடைபட்டிருக்கும். ஃபைல்களை எடுப்பதற்கு அது தடையில்லை. கணினி அணைந்துவிட்டதென்றால், எந்தக் கருவியையும் ஓட்டுமுன் டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக, ஜிஎன்யூ டிடிரெஸ்கியூவால், சம அளவுள்ள இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, எல்லா முயற்சியையும் நகலில் மட்டும் செய்ய வேண்டும். இன்னொரு டிஸ்க் வாங்கும் செலவு பெரிதாகத் தோன்றும். மேலே கண்ட 17,408 பைட் கணக்கை நினைத்தால் தோன்றாது.

கடைசியாக ஒரு மறுப்பு; நான் மிகவும் மதிக்கும் மறுப்பு. ஹெடரை வெளியே நகலெடுத்து வை என்கிறீர்களே, அது பாதுகாப்பைக் குலைக்காதா? குலைக்கும். கடவுச்சொல் கசிந்துவிட்டது என்று மாற்றினாலும், பழைய ஹெடரின் நகல் பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். உள்ளே இருப்பது அதே முதன்மைச் சாவி. நகலும் பழைய கடவுச்சொல்லும் கையில் உள்ளவருக்கு டிஸ்க் திறந்த புத்தகம். இதற்கு விடை நகலே வேண்டாம் என்பதாகாது. கடவுச்சொல் கசிந்தால் முதன்மைச் சாவியையே மாற்றி டிஸ்க்கைத் திரும்ப மறையாக்கம் செய்ய வேண்டும். லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்அப் கருவியில் அதற்கு வழி இருக்கிறது. சாதாரணமாகக் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய நகலை அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும். லக்ஸ்2 ஹெடரின் நகல் 16 மெபிபைட், நான்கைந்து ஃபோன் புகைப்படங்களின் அளவு. அதுவும் கடவுச்சொல் இல்லாமல் எவருக்கும் உதவாது. ஆட்சிகளுக்கு அஞ்சும் பத்திரிகையாளர் இந்த நகலைத் தவிர்ப்பதற்கு நியாயம் உண்டு. பையில் வைத்த டிஸ்க் பேருந்தில் தொலைந்தால் அந்நியர் பார்க்கக்கூடாதே என்று மறையாக்கம் செய்யும் ஆசிரியருக்கும் கணக்காளருக்கும் அந்த நியாயம் பொருந்தாது. அவர்களுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து அந்நியர் திறப்பது அன்று. தாங்களே திறக்க முடியாமல் போவது.

பயனரிடம் இவ்வளவு கேட்கும்போது இயங்குதளத்திடமும் ஒன்று கேட்பது நியாயம். வெராகிரிப்டை விண்டோஸால் அடையாளம் காண முடியாது. அதன் வடிவமைப்பே அப்படி. லக்ஸ் அப்படியில்லை. டிஸ்க்கின் முதல் ஆறு பைட்டைப் படித்தால் போதும், இது வெற்று டிஸ்க் இல்லை என்று தெரிந்துவிடும். இனிஷியலைஸ் செய்யலாமா என்று கேட்பதற்கு முன்னால், எப்படியும் படிக்கப்போகும் முதல் செக்டரில் அந்த ஆறு பைட்டை ஒப்பிட்டு, இந்த டிஸ்க்கில் மறையாக்கிய தரவு இருக்கிறது என்று ஒரு வரி காட்டலாம்.